ஊசுட்டேரி ஓரத்துப் புதுக் குடியிருப்பு: சங்கம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

பத்துக்கண்ணுவாசி:

வணக்கம். புதுச்சேரி ஊசுட்டேரிக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் நகர். அறுபது வீடுகள், மூன்று லைன் வீடுகள். வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் பண்ருட்டி, கடலூர், திண்டிவனம் பக்கமிருந்து வந்து மனை வாங்கியவர்கள். லைன் வீடுகளில் இருப்பவர்கள் சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பீகார், ஒடிசா, வங்காளத் தொழிலாளர்கள். நலச்சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் வரவிருக்கின்றன.

ஏரி கெட்டதே வெளிமாநிலத்தார் வந்த பிறகுதான் என்று சொல்லி லைன் வீடுகளைக் காலி செய்ய வைப்பது முதலாவது. உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று ஏரிக்கரை மேல் 500 கன்று நடுவது இரண்டாவது. ஜேசிபி வைத்துக் கரையோரச் சீமைக்கருவேலத்தை ஒன்றுவிடாமல் பிடுங்கி, கையோடு ஓரத்தையும் ஆழப்படுத்துவது மூன்றாவது. இதற்குப் பணம் தர ஒருவர் தயாராக இருக்கிறார்.

சரணாலயத்தை ஒட்டி இதெல்லாம் செய்யலாமா? விவரமாகச் சொன்னால் அச்செடுத்துக் கூட்டத்தில் கொடுத்துவிடுவேன்.

நாமக்கோழி:

மூன்றாவதை முதலில் கிழித்துப் போடுங்கள் சார். ஏரி சுமார் 800 ஹெக்டேர். ஏறத்தாழ பாதி புதுச்சேரியில், மீதி விழுப்புரம் மாவட்டத்தில். புதுச்சேரிப் பகுதி 2008-இலிருந்து பறவைகள் சரணாலயம், தமிழ்நாட்டுப் பகுதியும் பின்னர் அறிவிக்கப்பட்டுவிட்டது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 29-இன்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் வாழிடத்தைச் சிதைப்பதும் நீர்வரத்தை மாற்றுவதும் குற்றம். நல்லெண்ணத்தில் செய்தோம் என்றால் சட்டம் கேட்காது. ஜேசிபி வாடகை கொடுத்தவர் பெயரும் வழக்கில் சேரும்.

மனு கொடுக்குமுன் அந்த இடத்தின் சர்வே எண் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். புதுச்சேரிப் பக்கம் என்றால் பறவைக்கும் வாழிடத்துக்கும் வனத்துறை. கரை, மதகு, வாய்க்காலுக்குப் பொதுப்பணித்துறையின் நீர்ப்பாசனப் பிரிவு. தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் விழுப்புரம் வனக் கோட்டம். இடம் மாறிக் கொடுத்த மனு ஒரு மழைக்காலம் முழுக்க மேசையில் தூங்கும்.

இனி ஆழப்படுத்தும் யோசனை. ஏரி என்றால் ஆழமாக இருக்க வேண்டும் என்று பாசனக் கணக்கில் நினைக்கிறோம், பறவைக் கணக்கு வேறு. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்ற வலசை வாத்துகள் முக்குளிப்பதில்லை. தலையை நீருக்குள் கவிழ்த்து அடிமண்ணைத் துழாவுகின்றன, அதற்கு 15 முதல் 30 செ.மீ. நீர் போதும். உள்ளான் போன்ற கரைப்பறவைகளுக்கு அதைவிடக் குறைவு. ஜேசிபி ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் கரையிலிருந்து ஓரடி தள்ளியதும் ஆளாழம். ஏரி நிறைந்திருக்கும், நாமக்கோழியும் நீர்க்காகமும் மிதக்கும், மற்றதெல்லாம் வேறு இடம் பார்த்துப் போய்விடும். தூர் வாரித்தான் ஆக வேண்டும் என்றால் நடுப்பகுதியில் வாரலாம். ஓரத்தில் 10 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்கும் சரிவாவது இருக்க வேண்டும். வாரிய மண்ணை நீருக்குள்ளேயே மேடாகக் குவிக்கலாம். அதில் நாட்டுக் கருவேலம் வந்தால் நாரைகள் கூடு கட்டும்.

சீமைக்கருவேலம் பிடுங்கத்தான் வேண்டும், ஆனால் ஒரே மூச்சில் அல்ல. மஞ்சள் மூக்கு நாரை, பாம்புத்தாரா, கொக்கு எல்லாம் இன்றைக்கு உட்காருவது அந்த மரத்தில்தான். நீருக்குள்ளும் நீரோரத்திலும் நிற்பதை விட்டுவைத்து, வாய்க்காலை அடைத்து நிற்பதையும் புறம்போக்குத் தரையில் பரவுவதையும் முதலில் எடுக்கச் சொல்லுங்கள். காலம் மே, ஜூன். தரைமட்டத்தில் வெட்டினால் அடுத்த மழைக்கு ஒரு தண்டுக்குப் பத்துத் தண்டு வரும். துளிர்க்கும் மொட்டுகள் தரைக்குக் கீழே வேர்த்தண்டின் மேல்பகுதியில் இருக்கின்றன, ஆகையால் 30 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டித் தூரோடு எடுக்க வேண்டும். காய் முற்றும் முன் எடுப்பது நல்லது. ஆடுமாடு காயைத் தின்றால் விதை செரிக்காமல் சாணத்தோடு வெளிவந்து, போகும் வழியெல்லாம் முளைக்கும். எடுத்த இடத்தைச் சும்மா விட்டாலும் இரண்டு ஆண்டில் அதே மரம்தான்.

நெய்வேலிக் காட்டாமணக்கு இன்னும் மோசம். அதை வெட்டி அங்கேயே போடுவது நடவு செய்வதற்குச் சமம், ஈரத்தில் விழுந்த தண்டுத் துண்டெல்லாம் வேர்விடும். வேரோடு பிடுங்கி, மேட்டுக்குக் கொண்டுபோய், வெயிலில் சருகாகும்வரை காயப்போட வேண்டும்.

உலர்காடு:

இரண்டாவது தீர்மானத்துக்கு என் பதில். ஜூன் 5 என்பது நாள்காட்டிக்கு நல்ல நாள், கன்றுக்கு அல்ல. நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். கத்திரி முடிந்த கையோடு நட்டால் நான்கு மாதம் தண்ணீர் லாரிக்குக் காசு கட்ட வேண்டும். புரட்டாசியில் இரண்டு நல்ல மழை பெய்து மண் ஓர் அடி நனைந்தபின் நடுங்கள். தை வரைக்கும் வேர் தானாக இறங்கும்.

கரை மேல் மரம் நடவே வேண்டாம். ஊசுட்டேரி கரை மண் கரை. பக்கவேர் பருத்து, பின் மட்கினால் அந்த வழியே நீர் கசிந்து கரையில் துளை விழும். புயலில் மரம் சாய்ந்தால் வேரோடு கரையின் ஒரு பாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது இந்த வட்டாரத்தில் விழுந்த மரங்களை நினைத்துப் பாருங்கள். 2024-இல் ஃபெஞ்சல் புயலும் வந்தது.

கரைக்கு என்று நம் ஆட்கள் வைத்தது பனை. அதையும் பொதுப்பணித்துறையிடம் கேட்டுவிட்டு, கரையின் வெளிச்சரிவு அடியில் வையுங்கள். ஆவணி, புரட்டாசியில் தானாக விழுந்த பழத்தின் கொட்டையைப் பிரித்து, பத்தடிக்கு ஒன்றாக, ஒரு சாண் ஆழத்தில் படுக்கவைத்து மூடினால் போதும். முதலில் கிழங்கு கீழே இறங்கும், ஓலை வெளியே தலைகாட்டப் பல மாதம் ஆகும். பனை விதைப்பு தோற்பதற்கு முக்கியக் காரணம் இரண்டு: முளைக்கவில்லையே என்று தோண்டிப் பார்ப்பது, கிழங்குக்காகத் தோண்டிக்கொண்டு போவது.

500 கன்று ஆசை இருந்தால் நகரின் பொது ஒதுக்கிடத்தில் வையுங்கள். 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடைவெளியில் ஓர் ஏக்கருக்குச் சுமார் 450 கன்று. இந்தக் கடற்கரையின் சொந்தக் காடு உலர் பசுமைமாறாக் காடு. அதன் மிச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போய் வாருங்கள். வீரை, உலக்கைப்பாலை, காசான், கருங்காலி, மகிழம், காட்டு எலுமிச்சை, வெப்பாலை, நாவல், கொன்றை எல்லாம் இந்த மண்ணுக்குரியவை. அரசு விழாக்களில் கொடுக்கும் தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை கன்றுகளை மரியாதையாக மறுத்துவிடுங்கள். புயலில் முதலில் முறிவது அவைதான்.

குழி 45 செ.மீ. நீள அகல ஆழம். மேல்மண்ணைத் தனியே வைத்து, மக்கிய எரு ஒரு சட்டி கலந்து, அதையே வேரைச் சுற்றி முதலில் போட வேண்டும். பையில் வேர் சுருண்டிருந்தால் அடியில் அரை அங்குலம் வெட்டிவிடுங்கள். சுருண்ட வேர் நிமிராது, ஐந்தாம் ஆண்டில் மரம் காற்றுக்குப் பிடுங்கிக்கொள்ளும். சருகு மூடாக்கு நான்கு விரல் உயரம், தண்டைத் தொடாமல். முதல் இரண்டு கோடையிலும் வாரம் ஒருமுறை கன்றுக்கு 10 லிட்டர். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும்.

வீரையும் உலக்கைப்பாலையும் முதல் ஆண்டில் ஒரு முழம்கூட வளராது. செத்துவிட்டதென்று அங்கே வேறு கன்று வைக்கிறார்கள். விரல் நகத்தால் தண்டைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த முறையை இன்றைக்கு நாம் எளிதாக எழுதிக்கொள்கிறோம் என்றால் அதற்குப் பெரும் காரணம் வெளியிலிருந்து வந்தவர்கள். 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டில் செம்மண் அரித்து ஓடைகளாகப் பிளந்து கிடந்தது, மழைநீர் மண்ணோடு கடலுக்குப் போனது. பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களும் சுற்றுக் கிராமத்து வேலையாட்களும் முதலில் வரப்பு போட்டார்கள், ஓடையில் தடுப்பணை கட்டினார்கள். மழை விழுந்த இடத்திலேயே நின்ற பிறகுதான் கன்று பிழைத்தது. முன்னோடியாக ஆஸ்திரேலியாவின் கத்திச்சவுக்கு மரத்தையும் வைத்தார்கள். அது நிழலும் சருகும் கொடுத்தது, ஆனால் கிளை சட்டென முறியும், தானாக விதை போட்டுப் பரவும். அவர்களுக்கு அன்றைக்கு வேறு வழி குறைவு. உங்கள் ஒதுக்கிடத்தில் மண் அவ்வளவு கெடவில்லை, அதை வைக்காதீர்கள். வரப்பு போடுவதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரூ_ஓரம்:

முதல் தீர்மானத்தை யாரும் தொடவில்லையே. வெளியாட்கள் வந்து கெடுத்தார்கள் என்று புதுச்சேரியில் உட்கார்ந்து தீர்மானம் போட்டால் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது. 1674-இல் பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன் வந்து இறங்கியது முதல் துணி வணிகத்துக்காக நெசவாளரும் வணிகரும் வந்து நிரம்பிய ஊர் இது. நேர்நேர்த் தெருக்களுக்கு 1690-களில் ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைபடம் போட்டார்கள். பாரதியார் 1908-இல், அரவிந்தர் 1910-இல் அடைக்கலம் தேடி வந்தார்கள். அரவிந்தருக்குப் பின்னால் வங்காளிகளும் குஜராத்திகளும் ஒடியர்களும். பிரெஞ்சு ஆட்சிக்கால வியட்நாமின் சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள், மில் வேலைக்கு வந்தவர்கள், இப்போது சேதராப்பட்டு. பண்ருட்டியிலிருந்து வந்து மனை வாங்கியவர் சம்பல்பூரிலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவரை வெளியாள் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

நகரத்துக்கும் நீர்நிலைக்கும் இருக்கும் உறவும் பழையதுதான். பாரதி பூங்கா நடுவில் நிற்கும் ஆயி மண்டபம், முத்திரையர்பாளையத்து நீர் ஊருக்குள் கொண்டுவரப்பட்டதன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது. வெள்ளையர் குடியிருப்பு குடித்தது மேற்குப் புறத்து நீரை. இன்றும் அந்தப் பக்கத்து நிலத்தடி நீருக்கு ஊசுட்டேரி ஊட்டம் கொடுக்கிறது. ஏரியோரம் இறக்கும் ஒவ்வொரு கழிவுநீர்க் குழியும் ஊரின் குடிநீர்ப் பேச்சுதான்.

கிள்ளைவழி:

ரூ_ஓரம் அண்ணன் சொன்னதுக்குப் பிச்சாவரத்திலிருந்து ஒரு சான்று. அங்கே அலையாத்திக் காடு பல இடங்களில் மொட்டையாகிக் கிடந்தபோது, பக்கத்து ஊர்க்காரர்கள் விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதும்தான் காரணம் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்ததில் வேறு கதை. 1970-கள் வரை காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து முழுமொட்டையாக வெட்டியதே வனத்துறைதான். வெட்டிய இடத்தில் வெயில் நேரே விழுந்து சேற்றின் ஈரம் வற்ற, தரை தட்டுப்போல் உள்வாங்கியது. ஓதத்தில் (கடல் ஏற்றத்தில்) உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, காய்ந்து, உப்பு ஏறி, எந்த விதையும் முளைக்காத மண் ஆகிவிட்டது.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து செய்தது என்னவென்றால் வாய்க்கால் வெட்டியதுதான். மீன் முள் வடிவம்: நடுவில் பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஓதம் ஏறும்போது நல்ல நீர் உள்ளே வந்து, வடியும்போது உப்பை அள்ளிக்கொண்டு போகும். உப்பு இறங்கிய பிறகு வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தை நட்டார்கள். இதில் கெடுவது ஒன்றே ஒன்று, வாய்க்காலில் சேறு படிவது. தூர் எடுக்காமல் விட்டால் சில ஆண்டில் பழைய உப்புத் தட்டு திரும்பிவிடும். கரையோரத்து இருளர் குடும்பங்களும் இந்த வேலையில் இருந்தார்கள். பிச்சாவரம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது.

உங்கள் கூட்டத்திலும் ஆளைத் தேடுவதை விட்டு நீர் எங்கே நிற்கிறது, எதைச் சுமந்து வருகிறது என்று பாருங்கள்.

கட்டுமானம்_வில்லியனூர்:

ஆமாம், குழாயைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் "செப்டிக் டேங்க்" என்று சொல்லிக் கட்டுவதில் பாதி, நான்கு சிமெண்ட் உறையை இறக்கி மேலே மூடி போட்டது. அடி திறந்தே இருக்கும். கோடையில் எல்லாம் மண்ணுக்குள் போய்விடுவதால் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம், மூன்று ஆண்டானாலும் நிரம்புவதில்லை. கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்ததும் மலமும் கிணற்று நீரும் ஒன்று. அப்போது உறை பொங்கும், பொங்காமலிருக்க ஒரு குழாயை மழைநீர் வடிகாலில் விடுவார்கள். வடிகால் வாய்க்காலில், வாய்க்கால் ஏரியில். காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் கொழுப்பது இந்த உரத்தில்தான்.

சரியான தொட்டி: அடியும் சுவரும் பூசி, நீர் கசியாதது. ஐந்து பேர் வீட்டுக்கு உள்ளளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 அகலம், நீராழம் 1 மீட்டர், அதற்கு மேல் ஓர் அடி காற்றிடம். இரண்டு அறை, முதல் அறை நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. உள்ளே வரும் குழாய்க்கும் வெளியேறும் குழாய்க்கும் டி வடிவ இணைப்பு போட்டு, வாயை நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே மிதக்கும் கசட்டு ஏடு நேரே வெளியே போய், தொட்டி நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியை அடைக்கும். லைன் வீட்டில் 50 பேர் என்றால் 5 மீட்டருக்கு 2 மீட்டர். ஐந்து பேர் அளவுத் தொட்டியில் 50 பேரை விட்டால் கழிவு சில மணி நேரம்தான் தங்கும். குறைந்தது ஒரு முழு நாள் தங்கினால்தான் கசடு அடியில் படியும். கசடை இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும், 50 பேர் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை. கழிவுநீர் லாரிக்காரரிடம் எங்கே கொட்டுகிறார் என்று கேட்டு ரசீது வாங்குங்கள். இரவில் வாய்க்காலில் திறந்துவிட்டால் உங்கள் செலவெல்லாம் ஏரிக்கே போகும்.

உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி. அதன் அடி, மழைக்கால நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே இருக்க வேண்டும். ஏரியோரத்தில் இந்த இரண்டாவது நிபந்தனை பல மனைகளில் நிறைவேறாது. அங்கே உறிஞ்சுகுழியே கூடாது. தொட்டியிலிருந்து வரும் நீரை ஜல்லிப் படுகையில் விட வேண்டும்: ஆளுக்கு 1 சதுர மீட்டருக்குக் குறையாமல், இரண்டடி ஆழம், 10 முதல் 20 மி.மீ. ஜல்லி, அடியில் தடித்த தார்பாய் அல்லது பூச்சு, மேலே கல்வாழை அல்லது சம்பு. நீர் ஜல்லிக்குள்ளேயே ஓட வேண்டும், மேலே தெரிந்தால் கொசு. சமையலறை நீருக்கு முன்னால் எண்ணெய் பிரிக்கும் சிறு தொட்டி வையுங்கள், இல்லையென்றால் ஆறு மாதத்தில் படுகை அடைத்துக்கொள்ளும்.

லைன் வீட்டில் கழிப்பறை கட்டிக் கொடுப்பது வாடகை வாங்குபவர் வேலை. இருபது அறைக்கு இரண்டு கழிப்பறை கட்டிவிட்டு, குடியிருப்பவர் வாய்க்கால் ஓரம் ஒதுங்குகிறார் என்று புகார் சொல்வது நியாயமில்லை. பத்துப் பேருக்கு ஒன்றாவது வேண்டும். முதல் தீர்மானத்தை வீட்டு உரிமையாளர் பெயருக்குத் திருத்தி எழுதுங்கள்.

பத்துக்கண்ணுவாசி:

எல்லோருக்கும் நன்றி. லைன் வீடுகளில் ஒன்று எங்கள் சங்கப் பொருளாளருடையது, ஆகவே கூட்டம் சூடாகத்தான் இருக்கும். இன்னும் இரண்டு கேள்வி. உறிஞ்சுகுழி ஆகுமா ஆகாதா என்பதை மனைக்கு மனை எப்படிச் சோதிப்பது? ஏரிப் பக்கத் தெருவிளக்குக்குக் கொம்யூன் பஞ்சாயத்தில் மனு கொடுத்திருக்கிறோம், அது பறவைக்குக் கெடுதலா?

கட்டுமானம்_வில்லியனூர்:

உறிஞ்சுகுழி வரவிருக்கும் ஆழத்துக்கு ஒரு குழி, அகலம் ஒரு சாணுக்குக் குறையாமல். பக்கச் சுவரைக் கத்தியால் கீறி வழவழப்பை எடுத்துவிட்டு, அடியில் இரண்டு அங்குலம் மணல் போட்டு, முதல்நாள் இரவு முழுக்க நீர் நிற்க வையுங்கள். காய்ந்த மண்ணில் சோதித்தால் பொய்க்கணக்கு வரும். மறுநாள் ஒரு சாண் நீர் விட்டு, அரை மணிக்கொருமுறை எவ்வளவு இறங்கியது என்று குச்சியால் அளந்து, மறுபடி நிரப்புங்கள். நான்கு மணி நேரம். கடைசி அரை மணிக் கணக்கைத்தான் எடுக்க வேண்டும். 2.5 செ.மீ. இறங்க 30 நிமிடத்துக்குள் என்றால் உறிஞ்சுகுழி. 30 முதல் 60 என்றால் நீளமான பரவல் அகழி. 60-ஐத் தாண்டினால் ஜல்லிப் படுகை மட்டும். குழி தோண்டும்போதே நீர் ஊறினால் சோதனையே தேவையில்லை. மார்கழியில் சோதியுங்கள். சித்திரையில் சோதித்துக் கட்டியவைதான் கார்த்திகையில் பொங்குகின்றன.

நாமக்கோழி:

விளக்கு வேண்டும், பெண்கள் இரவு வேலை முடிந்து நடந்து வரும் தெரு அது. வெள்ளை எல்இடிக்குப் பதில் மஞ்சள் ஒளி, 2700 கெல்வினுக்கு மேல் போகாதது கேளுங்கள். ஏரிப் பக்கம் தகடு வைத்து, ஒளி தெருவில் மட்டும் விழும்படி விளக்கு நேர்கீழாகப் பார்க்க வேண்டும். கம்பம் ஏரியோரத்தில் இல்லாமல் வீடுகள் பக்கம். கரையைப் பார்த்து உயர்கோபுர விளக்கு கேட்டிருந்தால் அந்த வரியை மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கோழி, மீன் கழிவைக் கரையோரம் கொட்டுவதையும் தடுக்க வேண்டும். கழிவுக்கு நாய் கூடும், நாய் கூடினால் தரையில் முட்டையிடும் ஆட்காட்டிக்கு வாழ்வில்லை. அறிவிப்புப் பலகை வைத்தால் தமிழோடு இந்தி, ஒடியா, வங்காளத்திலும் எழுதி, கூடவே படமும் போடுங்கள். எழுதித் தர லைன் வீட்டுத் தம்பிகளையே கேளுங்கள். மீன் பிடிக்க வருபவர்களிடமும் பேசுங்கள். அறுந்த நைலான் வலையை நீரிலேயே விடக் கூடாது, முக்குளிப்பான் காலில் சுற்றிச் சாகும். வளர்ப்பில் மிஞ்சிய ஆப்பிரிக்கக் கெளுத்தியை ஏரியில் விடவே கூடாது, அது வளர்ப்புக்கே தடை செய்யப்பட்ட மீன்.

ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வரும். ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த இனம், எண்ணிக்கை, நேரம் மூன்றையும் ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதியச் சொல்லுங்கள். வனத்துறையில் அடுத்த மனு கொடுக்கும்போது அந்தப் பட்டியலை இணையுங்கள்.